இடது கை ஆட்டத்தின் அமைப்புகள்

என் மனைவி கணினியில் தனியாகச் சீட்டு விளையாடுவாள். இடது கைக்காரி. அதனால் சீட்டுக்கட்டை இடப்பக்கம் மாற்றி, சீட்டுகளைப் பெரிதாக்கி, வைத்த சீட்டை எத்தனை முறையும் திரும்ப எடுக்கலாம் என்று அமைத்திருந்தாள். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்த எனக்கு அது ரீவொர்க், பிழையாகச் செய்த பாகத்தைத் திரும்ப எடுத்துச் சரிசெய்வது போல. அவளிடமே சொன்னேன்.

"ஏங்க, இது உங்க லைன் இல்ல. நான் ஜெயிக்கணும், அவ்ளோதான்."

அவள் இறந்துபோன பிறகு மதியங்களில் நானும் அதையே ஆடினேன். வலது கைக்காரனுக்கு இடைஞ்சலான ஏற்பாடு. மாற்றவில்லை.

போன மாதம் கணினி நகர மறுத்தது. சுங்குவார்சத்திரத்தில் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் முன்பு ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்றவர். விண்டோஸின் பாரத்தை இந்தப் பழைய கணினி தாங்காது, புது டிஸ்க் மாட்டி லினக்ஸ் போட்டுவிடலாம் என்றார். எதையெல்லாம் நகலெடுக்க வேண்டும் என்று நான் தெளிவாகச் சொன்னேன். படங்கள், ஆவணங்கள், பாட்டுகள், சீட்டு விளையாட்டின் கோப்புறை. அப்படியே செய்து, அதே ஆட்டத்தின் லினக்ஸ் பதிப்பையும் போட்டுக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஆட்டத்தைத் திறந்தேன். கட்டு வலப்பக்கம். சிறிய சீட்டுகள். திரும்ப எடுக்க வழியில்லை. புதிய ஆட்டக்காரரே வருக என்று ஆங்கிலத்தில் வரவேற்பு வேறு.

பிழை என்னுடைய தொழிலில் இருந்து வந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் அமைப்பு விவரமும் பிளாஸ்டிக் உறையில் அந்த இயந்திரத்திலேயே தொங்கும். மென்பொருளும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அது அப்படியில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நிரல் எல்லாருக்கும் பொது, விருப்பம் அவரவருடையது. ஒரு கணினியை நாலு பேர் பயன்படுத்தினால் நாலு விருப்பக் கோப்புகள் வேண்டும். ஆகவே அவை பயனரின் சொந்த இடத்தில், கண்ணில் படாத கோப்புறையில் இருக்க வேண்டும். விண்டோஸில் அதற்கு ஒரு இடம், லினக்ஸில் வேறு இடம், ஆப்பிளில் இன்னொன்று. பல இடங்களில் ஓடும் நிரல் அந்தந்த இடத்து வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும். என் கடிதங்களுக்கு நடுவே தன் கோப்பைப் போட்டுவைக்கும் நிரலை நானே பயிற்சி போதாது என்று திருப்பி அனுப்பியிருப்பேன். எல்லாம் சரியான நடைமுறை. கண்ணில் படாததை யாரும் தவறுதலாக அழிக்கமாட்டார்கள். நகலெடுக்கவும் மாட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன்.

"பழைய டிஸ்க் இருக்கா?"

"கீது சார். மத்தியானம் ஃபார்மட் அடிச்சி வேற ஒர்த்தருக்குக் குடுக்கணும். இன்னாத்த வுட்டுட்டீங்க, பேங்க் பேப்பரா?"

"சீட்டு விளையாட்டோட செட்டிங்."

கடைக்காரர் சிரித்தார். "ரெண்டு கிளிக்ல நீங்களே வெச்சிக்கலாமே சார். இதுக்கா பஸ்ஸு புட்சி வந்தீங்க?"

"நான் வெச்சதில்ல. வீட்ல அவங்க இருந்தப்போ வெச்சது."

சிரிப்பை நிறுத்திவிட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டினார். மறைந்த கோப்புறைகளைக் காட்டச் சொன்னதும் ஆட்டத்தின் பெயரில் ஒன்று வந்தது. அதற்குள் சில வரிகளே கொண்ட ஒரு கோப்பு.

"இவ்ளோதானா சார்?"

"இவ்ளோதான்."

பென்டிரைவில் வாங்கி வந்து, லினக்ஸ் சொல்லும் இடத்தில் வைத்தேன். அப்போது ஆட்டம் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. மூடும்போது அது தன் அமைப்புகளை அவள் கோப்பின்மேல் எழுதிவிட்டது. அதுவும் சரியான நடைமுறைதான். ஆட்டத்தை மூடிவிட்டு, பென்டிரைவிலிருந்து மறுபடி வைத்தேன். திறந்தேன். பெரிய சீட்டுகள், இடப்பக்கம் கட்டு. ஒரு ஆட்டம் ஆடினேன். எத்தனையோ முறை திரும்ப எடுத்தும் தோற்றேன்.

மூடப் போகும்போதுதான் யோசனை வந்தது. ஒவ்வொரு முறை மூடும்போதும் இது எழுதும். சாளரத்தை நான் சற்று நகர்த்தினால் அதைக் குறித்துக்கொள்ளும். சத்தத்தைக் குறைத்தால் அதையும். கொஞ்சம் கொஞ்சமாக அது என் கோப்பாகிவிடும். படிக்க மட்டும், எழுதக்கூடாது என்று அந்தக் கோப்பைப் பூட்டினேன்.

இப்போது ஆட்டத்தை முடிக்கும்போதெல்லாம், உங்கள் விருப்பங்களைச் சேமிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. தினமும் வரும் எச்சரிக்கையைத் தினமும் அமுக்கிவிட்டுப் போகிற ஆளை, வேலையில் இருந்தபோது நான் சும்மா விட்டதில்லை. வீட்டில் என்னிடம் குறை சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. சரி என்று அழுத்திவிட்டு எழுந்திருக்கிறேன்.