முகக்கவசத்தில் ஐந்தெழுத்து

கொரோனா பரவிய காலத்தில், வெள்ளவத்தையில் நானும் என் மனைவியும் நடத்தும் சிறிய துணி அச்சுக்கூடத்தில் முகக்கவசங்கள் தைத்து இலவசமாக வழங்கினோம். தேவாரத்திலேயே திளைத்த எனக்கு, அவற்றில் 'நமசிவாய' என்ற ஐந்தெழுத்தை அச்சிட்டால் உள்ளத்துக்கும் காப்பாகும் என்று தோன்றியது.

ஒரு வாரத்தின் பின், கொட்டாஞ்சேனையில் வசிக்கும் மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளி மகேஸ்வரியிடம் மேலும் சிலவற்றைக் கொண்டுசென்றேன். அவர் வெறும் முகத்துடன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். முன்பு கொடுத்த ஐந்து கவசங்களும் சுவாமிப் படத்தின் கீழே பூச்சூடி இருந்தன.

"ஏன் பிள்ளை போடேல்லை?"

"சிவன்ர பேரை எச்சில்படுத்திப்போட்டுச் சவர்க்காரம் போட்டுத் தோய்க்கிறதே ஐயா? தேவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாதே?"

காப்பென்று நான் கொடுத்ததே அவரைக் காப்பின்றி நிறுத்தியிருந்தது. என்னிடம் மேலதிகமாக இருந்த சாதாரணக் கவசத்தை அணியச் செய்து அனுப்பினேன்.

"எழுத்து அச்சடிக்க வேண்டாமெண்டு அண்டைக்கே சொன்னனான், கேட்டியளே?" என்றார், வீடு திரும்பியதும் மனைவி.

மறுநாள் முதல் வீடுவீடாகச் சென்று, எழுத்தில்லாக் கவசங்களை மாற்றிக் கொடுத்தோம். மகேஸ்வரியை நோய் தீண்டவில்லை. அது திருவருள், என் அறிவன்று.

இப்போது டெங்குக்காக நுளம்பு வலை தைக்கிறோம். முதலில் ஒன்றை மட்டும் கொடுத்து, அதனுள் உறங்கியவர் சொல்வதைக் கேட்ட பின்னரே அடுத்ததை வெட்டுகிறேன்.