ரொட்டிக்காரர் வீட்டுக் கோதுமையில்லாப் பானை

என் மருமகன் ரொட்டி சுடுகிறவர். பதினாலு வயதில் மாவு மூட்டை தூக்கப் போனார். இருபத்து நான்கு வருஷம் கழித்து இன்றைக்கு அதே பேக்கரியில் பெரிய அடுப்பு அவர் பொறுப்பு. ரொட்டி வெந்துவிட்டதா என்று மணி பார்க்க மாட்டார். எடுத்துக் கவிழ்த்து, அடியில் இரண்டு விரலால் தட்டிச் சத்தம் கேட்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

கல்யாணம் பேசிய நாளிலேயே எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம். குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. ஆனால் பேசமாட்டார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால்தானே ஒரு மனிதர் உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று தெரியும்? என் மகளிடம் சொன்னேன். "மாவு பிசையறவருக்குப் பேச்சு எதுக்கும்மா? நீ பேசறதே ரெண்டு வீட்டுக்குக் காணும்" என்றாள். அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்ப்பவள். வாய் என்னைப் போல.

அவர்களுக்கு ஒரே பெண். எட்டு வயது. பொடிசு என்று கூப்பிடுவோம், பெயருக்கு ஏற்றபடியே இருந்தாள். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் மயக்கம். டாக்டர் ரத்தம் எடுத்தார், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். கடைசியில், கோதுமையில் இருக்கிற பசை இவள் குடலைப் புண்ணாக்குகிறது, ஆயுள் முழுக்க ஒரு தூசிகூட ஆகாது என்றார். புண் ஆறுகிறவரை பாலும் வேண்டாம் என்றார். வெண்ணெய், தயிர், சீஸ் எதுவும் கிடையாது.

ரொட்டி சுடுகிறவர் பெண்ணுக்குக் கோதுமை ஆகாது. கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தலைமுடியைப் பார்த்தேன், காது மடலைப் பார்த்தேன், நகக்கண்ணைப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் மாவு. ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு மகள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

குறை சொல்ல முடியாதபடிதான் அவர் நடந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் பேக்கரியிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றி, அழுக்குத் துணியைப் பையில் கட்டி வாசலுக்கு வெளியே மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். செருப்பும் வெளியே. வீட்டில் இருந்த மைதா, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். மர அகப்பையில் பழைய மாவு ஊறியிருக்கும் என்று அதையும் தூக்கிப் போட்டார். அது நான் கல்யாணச் சீராகக் கொடுத்த அகப்பை. வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு கனமான ஒரு பானை வாங்கி வந்தார். மூடியும் எவர்சில்வர் கரண்டியும் அதோடு சேர்ந்தவை. அந்தப் பானைக்குள் கோதுமை போகக் கூடாது, அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று சட்டம். வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. பெண்ணுக்கு ரத்தம் ஊற மாட்டுக்கறி கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வியாழக்கிழமை தோறும் அவரே அந்தப் பானையில் கறியும் பாஸ்தாவும் ஒன்றாகப் போட்டுச் சமைப்பார். அரிசியும் சோளமும் கலந்து செய்த பாஸ்தா. எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் பாக்கெட்டைப் பொடிசிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். "அரிசி மாவு, சோள மாவு, தண்ணி. அவ்ளோதான் பாட்டி. போன வாரமும் இதான் எழுதியிருந்துது" என்பாள்.

"ஏன் எல்லாத்தையும் ஒரே பானைல கொட்டறீங்க? பாஸ்தாவைத் தனியா வேகவெச்சு வடிகட்ட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பாத்திரம்னா ரெண்டு சந்தேகம், அத்தே. வடிகட்டி வேற. ஒண்ணுன்னா ஒண்ணைத் தேய்ச்சாப் போதும்" என்றார்.

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இவ்வளவு செய்தும் பெண் தேறவில்லை. மூன்று மாதத்தில் எடை கால் கிலோ ஏறியது, அடுத்த மாதம் அதுவும் இறங்கியது. பத்தொன்பது கிலோ. இன்னும் இரண்டு மாதத்தில் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்றார் டாக்டர். "வீட்ல எங்கேயோ கோதுமை இருக்கு, தேடுங்க" என்றார்.

தேடினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். மிளகாய்த்தூள் டப்பாவை மாற்றினேன். பல் தேய்க்கிற பசையைச் சந்தேகப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் டிபன் பெட்டியைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் நாட்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வெள்ளி காலையில்தான் வலி. மற்ற நாட்களில் என் மகள் சமைக்கிறாள், சோறும் முட்டையும் காய்கறியும். பெண் சுமாராக இருக்கிறாள். வியாழன் அவர் சமைக்கிறார், வெள்ளி பெண் சுருண்டு படுக்கிறாள்.

மகளிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். "மாவு அவர் கையில இல்லடி, தோலுக்குள்ளயே இருக்கு. அந்தக் கை பட்ட சோறு பிள்ளைக்கு விஷம். வேலையை விடச் சொல்லு, இல்லைன்னா பொடிசை நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா, அவருக்கு வேற வேலை தெரியாது."

"பிள்ளை வேற இருக்கா?"

நாங்கள் மெதுவாகத்தான் பேசினோம் என்று நினைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கேட்டுவிட்டார். சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். உள்ளே வந்து கையைக் கழுவினார். மணிக்கட்டு வரை, முழங்கை வரை, சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினார். அந்த வாரமே வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதத்தை என் மகளைக் கொண்டு எழுதவைத்தார். சனிக்கிழமை முதலாளி வருவார், அப்போது கொடுப்பதாக முடிவு. எழுதும்போது மகள் இரண்டு தடவை காகிதத்தை நனைத்துவிட்டாள். மூன்றாவது காகிதத்தில்தான் எழுதி முடித்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வியாழன். அவர் சமைக்கும்போது ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னத்தே, காவலா?"

"காவல்தான்."

கைகளை நீட்டிக் காட்டினார். நகத்தை வெட்டியிருந்தார். பானையைத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்தார். எண்ணெய் காய்ந்தது. வெங்காயம், பூண்டு. ஒரு துண்டு பூசணியைத் துருவிப் போட்டார். பால், சீஸ் இல்லாததற்கு அது வெந்து கரைந்து வழவழப்புத் தரும். பிறகு மெஷினில் அரைத்து வாங்கிவந்த கறியைப் போட்டார். அடுத்தது தக்காளி, தண்ணீர், அதற்குமேல் பச்சைப் பாஸ்தா, கடைசியில் வறுத்துப் பொடித்த சூரியகாந்தி விதை. அதுதான் அவர் வரிசை. ஆனால் அன்றைக்குக் கறியைத் தாண்டவில்லை.

நாற்பது வருஷமாக நான் மாட்டுக்கறி சமைக்கிறேன். அரைத்த கறி சூட்டில் விழுந்ததும் தண்ணீர் விடும், அது வற்றினால்தான் சிவக்கும். இந்தக் கறி தண்ணீரே விடவில்லை. பானையின் அடியில் பொறுக்காகப் பிடித்துக்கொண்டது.

"மாப்ள, இது ஏன் இப்படிக் கெட்டியா வருது?"

"எப்பவும் இப்படித்தான் வரும், அத்தே. குழம்பு நல்லாக் கூடி வரும். பாஸ்தாவோட கஞ்சி."

"பாஸ்தாவா? அது இன்னும் பாக்கெட்ல இருக்கு."

கரண்டி நின்றது. அவர் அடுப்பை அணைத்தார். அடியிலிருந்து ஒரு துளி பொறுக்கைச் சுரண்டி எடுத்து, ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார். மறுபடி தேய்த்தார். 

"அத்தே, இது ரொட்டி."

"என்ன?"

"ரொட்டி. காஞ்ச ரொட்டி, அரைச்சது. இந்தக் கைக்குத் தெரியாதா?"

மீதிக் கறியை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் கறிக்கடைக்காரரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். எடைக்கு ரொட்டியைக் கலக்கிற திருடன், பிள்ளை வயிற்றில் அடிக்கிறவன் என்றெல்லாம். மாப்பிள்ளை என்னைவிட நாலு எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

கறிக்கடைக்காரர் சிரித்த முகம். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்புப் போய்விட்டது.

"கலப்படமா? என் கடையிலயா? பெரியம்மா, வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசாம இருக்கேன்."

"பேசுங்க, நானும் கேட்கறேன். கறிக்குள்ள ரொட்டி எப்படி வந்துது? நடந்து வந்துதா?"

"உங்க மருமகனைக் கேளுங்க. விடிஞ்சதும் முதல் ஆளா வந்து நிக்கறாரு. பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, கழுவின மெஷின்ல மத்தவங்க கறி படறதுக்கு முன்னாடி அரைச்சுக் குடுங்கன்னாரு. அப்படித்தானே குடுக்கறேன்?"

எனக்குச் சுருக்கென்றது. முதல் ஆளாகப் போகிறார் என்பது எனக்குத் தெரியாது. நாலு மணி வேலைக்குப் பழகிய உடம்பு, விடுமுறை நாளிலும் விழித்துக்கொள்ளும். பிள்ளைக்குச் சுத்தமாக வேண்டும் என்று அந்த நேரத்துக்கே கடை வாசலில் போய் நின்றிருக்கிறார்.

மாப்பிள்ளை எங்கள் பேச்சையே கேட்கவில்லை. கடைக்கு உள்ளே, அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே உள்ளே போய்க் குனிந்து அதன் வாயைத் தொட்டார்.

"இது என் முடிச்சு" என்றார். ரொம்ப மெதுவாக.

அவர்கள் பேக்கரியில் விற்காத ரொட்டியைக் காயவைத்துத் தூளாக்கி மூட்டை கட்டி வெளியே அனுப்புவார்களாம். வாயை இரண்டு முறுக்கு முறுக்கி, மடித்து, கயிற்று நுனியை உள்ளே செருகிக் கட்டுவது அவர் பழக்கம். வேறு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள். அந்த மூட்டைகள் எங்கே போகின்றன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"இது இங்க எதுக்கு?" என்றார்.

கறிக்கடைக்காரருக்கு இதில் பெருமைதான். "பின்ன? காலைல மெஷினைக் கழட்டிக் கழுவி மாட்டிட்டு, ரெண்டு கை ரொட்டித்தூள் போட்டு ஓட்டுவேன். உள்ள இருக்கற ஈரம், கொழுப்பு எல்லாத்தையும் துடைச்சுக்கிட்டு வந்துரும். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். அதுக்கப்புறம்தான் முதல் கறி."

முதல் கறி. துடைத்துக்கொண்டு வந்த தூளில் மீதி இருந்ததெல்லாம் அந்த முதல் கறியில். நாலு பேருக்கு அப்புறம் வாங்கியிருந்தால் கொஞ்சம் குறைந்தாவது போயிருக்கும்.

மாப்பிள்ளை அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். "நானே சுட்டு, நானே கட்டி அனுப்பிருக்கேன். யாரும் வாங்கறதுக்கு முன்னாடி ஓடி வந்து, நானே வாங்கிட்டுப் போய், நானே ஊட்டிருக்கேன். நாலு மாசம், அத்தே. வாரா வாரம் நல்லதுன்னு நினைச்சுச் செஞ்சேன்."

பத்து வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். திட்டுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. கறிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

"எழுந்திரிங்க மாப்ள. பிள்ளை பசியோட இருப்பா" என்றேன்.

கொக்கியில் தொங்கிய தொடையிலிருந்து முழுத் துண்டாக வாங்கினோம். கத்தியை வெந்நீரில் நான் பார்க்கக் கழுவச் சொன்னேன். வீட்டுக்கு வந்து பானையை மூன்று தடவை தேய்த்தார். கறியைக் கையாலேயே பொடிப்பொடியாகக் கொத்தினார், ஒரு மணி நேரம். இந்தத் தடவை கறி தண்ணீர் விட்டது. குழம்பு கொஞ்சம் நீர்த்துத்தான் இருந்தது. பொடிசு கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தாள். "அப்பா, இன்னிக்கு வேற மாதிரி இருக்கு" என்றாள்.

வெள்ளி காலையில் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். "என்ன பாட்டி, கிச்சுகிச்சு மூட்டாதே" என்று என் கையைத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் ஓடி வந்தாள். நடந்து வரவில்லை.

வேலை முடிந்து மாப்பிள்ளை வந்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடிதம் அலமாரித் தட்டில் இருந்தது.

"நாளைக்குக் குடுத்துரட்டுமா, அத்தே?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நான் சொன்னால் கொடுத்திருப்பார்.

ஒரே ஒரு வெள்ளிக்கிழமையை நம்புகிற ஆள் நான் இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன். "ஒரு நாள் போதாது எனக்கு. பிள்ளையை டாக்டர் தராசுல நிறுத்திப் பார்க்கணும். அதுவரைக்கும் அந்தக் காகிதம் என்கிட்ட இருக்கட்டும். எடை ஏறலைன்னா நானே கொண்டுபோய் உங்க முதலாளி கையில குடுப்பேன்."

"ஏறினா?"

"ஏறினா அப்பப் பேசிக்கலாம். இப்பப் போய்த் தூங்குங்க, நாலு மணிக்கு அடுப்பு பத்தவைக்கணும் இல்ல?"

இரண்டு மாதம் கழித்துத் தராசு இருபத்தொன்றரை காட்டியது. டாக்டரிடம் சொல்லிப் பிள்ளையை இன்னொரு தடவை நிறுக்க வைத்தேன்.