விடுமுறையைப் பற்றி ஐந்து வாக்கியம்

ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பது என்பது, முப்பது பேர் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கத் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் தொழில். அதைச் செய்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் பி.ஏ., பி.டி. முடித்த கையோடு சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவரும் யாரும் இல்லை.

கொடைக்கானல்

கேன், மே, மஸ்ட், வில் ஆகிய நான்கு ஆங்கிலத் துணைவினைகளையும் விடுமுறையை வைத்துச் சொல்லிக்கொடுப்பது நல்ல முறை என்று பயிற்சிக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். நானும் கரும்பலகையில், விடுமுறையில் நான் கொடைக்கானலுக்குப் போகலாம், படகில் ஏற முடியும் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிப்போட்டேன். அதைப் போல ஆளுக்கு ஐந்து வாக்கியம் எழுத வேண்டும்.

யாரும் பேனாவை எடுக்கவில்லை. முதல் பெஞ்சு சங்கரலிங்கம் எழுந்து, "நீங்க கொடைக்கானல் போயிருக்கீகளா சார்?" என்று கேட்டான். பொய் சொல்ல வரவில்லை. இல்லை என்றேன். வகுப்பே நிம்மதியாக மூச்சு விட்டது. "அப்ப நாம எல்லாரும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

ஒரே சொல்

கொடைக்கானலை அழித்துவிட்டு, அவரவர் வீட்டில் நடப்பதை எழுதச் சொன்னேன். எழுதினார்கள். நான் தீப்பெட்டி ஒட்ட வேண்டும். நான் தண்ணீர் பிடிக்க வேண்டும். நான் தம்பியைத் தூக்க வேண்டும். எல்லா நோட்டிலும் மஸ்ட். செய்யலாம் என்பதற்கான மே ஒருவர் நோட்டிலும் இல்லை.

மாரியம்மாள் என்ற பெண் நன்றாக எழுதுவாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்டுல 'செய்யலாம்'னு யாரும் சொல்ல மாட்டாக சார்."

காலி பெஞ்சுகள்

தீபாவளி நெருங்கியதும் பட்டாசுக் கம்பெனிகளில் சீசன் சூடு பிடித்தது. விடியுமுன் கம்பெனி வண்டி வந்து பெரியவர்களோடு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும். வகுப்பில் ஏழெட்டுப் பேர் மிஞ்சினார்கள். அவர்களுக்கு முப்பது பேருக்கான குரலில் பாடம் நடத்தினேன். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் அந்தக் குரலுக்கும் வேலை இல்லை.

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளி இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்தார். வருகை குறைந்தால் ஓர் ஆசிரியர் இடம் போய்விடும். போவது கடைசியாகச் சேர்ந்தவர் இடம். ஊரில் அப்பா எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாகவே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் ஒழுங்காக எழுதுகிறார்கள் என்று நோட்டுகளை எடுத்துக் காட்டினேன். "அவர் தலையைத்தான் எண்ணுவார் தம்பி, வாக்கியத்தை இல்ல" என்றார்.

வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். மாரியம்மாளின் அம்மா பசைக் கையோடு வெளியே வந்து மரியாதையாகவே பேசினார். "தீபாவளி முடியட்டும் சார், பெறகு ஒங்க பள்ளிக்கூடத்துலயே கெடக்கட்டும்."

நிறைந்த வகுப்பு

இனி ஒரே வழிதான் இருந்தது. மழை பெய்தால் வெடிமருந்து காயாது, ஒட்டிய பெட்டியும் காயாது. கம்பெனியில் வேலை நிற்கும். ஊரே வெயிலுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அறையில் உட்கார்ந்து மழைக்கு வேண்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்த காலை கொட்டித் தீர்த்தது. வேலைக்குப் போன பிள்ளைகள் அப்படியே திரும்பி, நனைந்துகொண்டு பள்ளிக்கு வந்தார்கள். ஒரு பெஞ்சுகூடக் காலி இல்லை. இன்ஸ்பெக்டர் எண்ணினார், குறித்துக்கொண்டார், முகம் மலர்ந்தது. மாரியம்மாளை எழுப்பி, மழை பிடிக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ சார்" என்றாள். ஏன் என்றார். அதற்கு அவளுக்கு ஆங்கிலம் போதவில்லை. "மழை பெஞ்சா லீவு சார். லீவுன்னா கூலி கெடையாது."

தீபாவளி

மழை அன்றோடு நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பெய்தது. என் இடம் தப்பியது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஆனாலும் நிரந்தர உத்தரவு கைக்கு வராமல் அப்பா முகத்தில் விழிக்கப் பயந்து, நான் பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லை.

நாடெல்லாம் வெடிக்கிற வெடியைச் செய்த ஊர், தீபாவளியன்று அசந்து தூங்கியது. டீக்கடை உண்டா என்று பார்க்கத் தெருவில் நடந்தேன். எதிரே மாரியம்மாளும் அவள் அம்மாவும் வந்தார்கள். மாரியம்மாள் பள்ளிக்கு உடுத்தி வரும் அதே பாவாடையில் இருந்தாள். துவைத்து மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்து நின்றார். எதுவும் தெரியாமல்தான் சொன்னார், அன்போடுதான் சொன்னார்: "மழையில எங்க சீசன் போச்சு சார். ஒங்களுக்காவது பிள்ளைக வந்துச்சுகளே, அம்புட்டுப் போதும்."

வேலை நிரந்தரமாகிப் பல பள்ளிகள் மாறிவிட்டேன் என்றாலும், வானம் இருட்டினால் முதலில் சந்தோஷப்பட்டுவிட்டு அதை யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிற ஆங்கில ஆசிரியர் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.