அப்பா மடியில் வைத்திருந்த லேகியம்

சென்னையில் இருக்கும் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். குறித்திருந்த நாளுக்கு முன்பே அன்று காலை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். தாய் நலம், பிள்ளைக்கு மூச்சு விடுவது சிரமமாக இருக்கிறது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று அவள் கணவர் போனில் சொன்னார். மத்தியான விமானத்தில் இரண்டு இடம் பதிவு செய்துவிட்டுப் பேரையூரில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

பஸ் மாறி என் வீட்டுக்குப் பக்கத்தில் காளவாசலில் வந்து இறங்கியவர் வீட்டுக்குக்கூட வரவில்லை. ரோட்டிலேயே நின்று நான் கொண்டுவந்த வாடகைக் காரில் ஏறிக்கொண்டார். தோளில் துண்டு, மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் எவர்சில்வர் டப்பா நிறையப் பிரசவ லேகியம். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் பக்குவம் கேட்டு, கருப்பட்டிப் பாகு காய்ச்சி அவரே கிண்டியது.

நான் வேலை விஷயமாக அடிக்கடி பறப்பவள். சின்ன விமான நிலையம், கடைசி நேரத்தில் போனாலும் போதும் என்று மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அன்று வில்லாபுரத்தில் வண்டிகள் அடைத்து நின்றபோது அந்தத் தைரியம் போய்விட்டது. இந்த விமானத்தை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான். அப்பா கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே வந்தார்.

"இன்னும் எம்புட்டு தூரம்மா?"

"இந்தா வந்துட்டோம்ப்பா."

உள்ளே போனால் கூட்டம். வெளிநாட்டு விமானம் ஒன்றும் அதே நேரத்தில் கிளம்ப இருந்தது. பெட்டியைப் போடும் கவுன்டரில் என் பெட்டியை மட்டும் கொடுத்தோம். டப்பாவையும் அதில் வைத்துவிடலாம் என்றேன். "கவுந்துரும். நான் கையிலயே வச்சுக்கிறேன்" என்றார். எனக்கும் தங்கையின் கணவர் போனை எடுக்கவில்லையே என்ற பதற்றம். வற்புறுத்தவில்லை.

சோதனையில் பிடித்துவிட்டார்கள். சீருடையில் இருந்த பெண் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கையில கொண்டு போக முடியாது. பசை மாதிரி இருக்கு" என்றார். ஊறுகாய், நெய், லேகியம் எதுவானாலும் பெரிய பெட்டிக்குள் போட்டிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்த எதுவும் அன்று நினைவுக்கு வரவில்லை.

"பிள்ளை பெத்தவளுக்கு மருந்தும்மா" என்றார் அப்பா.

"புரியுதுங்கய்யா. பெட்டில போடணும்."

"அப்ப நீ போ. நான் பஸ்ல வாரேன்" என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டப்பாவை வாங்கி மூடி, வாசல் பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டார்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடினேன். அங்கே இருந்த பையன் பெட்டி வாங்குவதை நிறுத்தியாயிற்று என்று கையை விரித்தான். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவன் போனில் யாரிடமோ பேசிவிட்டு, "சென்னையில இருந்து வர்ற விமானமே இன்னும் இறங்கலக்கா. சிந்தாம கட்டிக் குடுங்க, போட்டுறலாம்" என்றான். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து டப்பாவை இறுக்கிச் சுற்றினார். பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். திருப்தியில்லாமல் அவிழ்த்து மறுபடியும் முடிந்தார். "போதும்ப்பா, குடுங்க" என்று நான்தான் பிடுங்கிக் கொடுத்தேன்.

பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பா உட்காருவார், எழுந்து கண்ணாடிவரை போவார், ஓடுதளத்தைப் பார்ப்பார், திரும்புவார். தங்கையின் கணவர் ஒருவழியாகக் கூப்பிட்டு, டாக்டர் உள்ளே இருக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை என்றார். விமானத்தில் ஏறி போனை அணைத்தேன். இனி இறங்கும்வரை எந்தத் தகவலும் வராது.

ஜன்னலோர இடத்தை அப்பாவுக்குக் கொடுத்தேன். அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். கீழே கண்மாய்களும் கரட்டுக் காடும் சின்னதாகிக்கொண்டே போனதை அவர் பார்க்கவில்லை. அணைந்து கிடந்த என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அணைச்சுத்தான் வைக்கணுமா?" என்று இரண்டு முறை கேட்டார்.

சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதும் போனைப் போட்டேன். ஒரு படம் வந்திருந்தது. குழந்தை தங்கையின் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடந்தது. மூச்சு சீராகிவிட்டது, வெளியே கொடுத்துவிட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் இறங்க நின்றார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை.

சாமான்கள் வரும் இடத்தில் நான் நின்றேன். "அது கெடக்குது, வா. பெறகு வாங்கிக்கிரலாம்" என்று வாசலைப் பார்த்து நடந்தார். என் பெட்டியையும் அவர் பையையும் நான்தான் நின்று எடுத்து வந்தேன்.

ஆஸ்பத்திரி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல் நின்றார். தங்கை அவரைப் பார்த்ததும் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "சாப்ட்டீங்களாப்பா?" என்றாள். காலையிலிருந்து அப்பாவும் நானும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பிளேன்ல ஒண்ணும் குடுக்கலத்தா" என்றார் அப்பா.

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா பதறிப்போய் உள்ளே ஓடினார்.