செவலைக்கு வைத்தியம்

கூட்டேரிப்பட்டு சினிமாக் கொட்டாய்க்கு அன்றைக்கு வந்திருக்க வேண்டியது ஒரு கத்திச்சண்டைப் படம். படப்பெட்டி மாறிவிட்டது. விளக்கை அணைத்து ஓட்டிய பிறகுதான் தெரிந்தது, திரையில் இருந்த அத்தனை பேரும் தெலுங்கு பேசினார்கள். மணல் தரையிலிருந்து "காச குட்றா" என்று சத்தம் கிளம்பியது. ஒருவன் பீடியைப் பற்றவைத்துவிட்டு மேலே கீற்றுக் கூரையைப் பார்த்தான்.

கொட்டாய்க்காரர் பண்ணையாரிடம் ஓடினார். கொட்டாய் நின்றது பண்ணையாரின் தரிசில்; அதனால் அவருக்கு முன்வரிசையில் ஓசி நாற்காலி. என் அப்பா குத்தகைக்கு உழுததும் அவர் நிலம்தான். பண்ணையார் வீட்டில் பேசுவது தெலுங்கு.

"ஐயா, நீங்கதான் கதைய எடுத்துச் சொல்லிக் காப்பாத்தணும்" என்று கொட்டாய்க்காரர் மைக்கைக் கையில் கொடுத்தார். பண்ணையாருக்கு மைக் என்றால் உயிர். இப்போது டப்பிங் டப்பிங் என்கிறார்களே, எங்கள் ஊரில் அது அன்றைக்கே நடந்தது.

ஆரம்பம் பிரமாதம். "பொண்ணு வெக்கப்படுது. மாப்ள ஜல்தியா தாலி கட்டணும்ன்றான்" என்று பெண் குரலெல்லாம் போட்டார். விசில் பறந்தது. அப்புறம் கதைக்குள் ஒரு ஜமீன்தார் வந்தார். பண்ணையார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

திரையில் ஒரு விவசாயி அழுதுகொண்டே கைநாட்டு வைத்தான். "எழுதத் தெரியலயேன்னு அழுவறான்" என்றார். களத்து நெல்லை வண்டியில் ஏற்றினார்கள். "மழ வரப்போவுது, பத்திரமா வெக்க எடுத்துக்கினு போறாங்க." பிறகு தொழுவத்து மாட்டை அவிழ்த்தார்கள். விவசாயியின் பெண்டாட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரண்டாள்.

"மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல. வைத்தியத்துக்கு ஓட்டிக்கினு போறாங்க. பொம்பள பாசத்துல அழுவுது."

எனக்கு எட்டு வயது. நம்பினேன்.

இருட்டில், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. என் அம்மா.

"ஐயா, மல்லாட்டைப் பயிரு காஞ்சி குத்தக கொடுக்க முடியாம போச்சே, அப்ப எங்க செவலைய உங்க ஆளுங்க ஓட்டிக்கினு போனது வைத்தியத்துக்குத்தானா? எப்பங்க தேறும்?"

பிறகு வேறொரு பெண், "எங்க கறவையும் அங்கதான் படுத்துக்கினு கீது" என்றாள். கொட்டாயே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் தொடையைப் பிடித்திருந்த அவர் பிடி வலித்தது. மைக் அதற்குமேல் பேசவில்லை. மீதிப் படம் வெறும் தெலுங்கில் ஓடியது. ஒருவரும் காசு திருப்பிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா சொன்னார்: "வாய வெச்சிக்கினு சும்மா இருக்கமாட்ட? நாளைக்கி நெலத்த வுட்டு எறங்குன்னா எங்க போறது?"

"மாடு இல்லாம அந்த நெலத்த எத்த வெச்சி உழுவறதாம்?" என்றாள் அம்மா.

விடிந்ததும் பண்ணையாரின் ஆள் செவலையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கட்டினார். "வைத்தியம் ஆயிடிச்சாம்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். எனக்குத் தலைகால் புரியவில்லை. காயம் எங்கே என்று வாலைத் தூக்கிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்காமல், எதற்கும் இருக்கட்டுமென்று நாலு காலுக்கும் வேப்பெண்ணெய் தேய்த்தேன். அம்மா தடுக்கவில்லை.

ஆடியில் மழை பெய்தது. நாங்கள் உழுத நிலத்தில் வேறு ஆள் ஏர் பூட்டினார். அப்பா திண்டிவனத்துக்கு அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனார். செவலை வெயில் ஏறிய பிறகும் புங்கமரத்தடியில் படுத்து அசைபோட்டது.

நோய் தேறி வந்த மாட்டை உடனே ஏரில் பூட்டக் கூடாதென்றுதான் எங்கள் வீட்டில் நிலத்தை விட்டுவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாட்டின் மேல் இவ்வளவு அக்கறை வேறு யார் வீட்டில் உண்டு என்று பெருமை வேறு.