மூன்று கண்ணாடிப் பட்டரிகள்

அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பட்டரி தெரிந்தெடுத்தது நான்தான். அதை இங்கே முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை.

அப்பா அப்போது படப்பெட்டி கொண்டு ஓடுபவர். இந்தியாவிலிருந்து ஒரு தமிழ்ப்படம் வந்தால் அதன் ஒரே பிரதியைக் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒரே மாலையில் காட்டுவார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மணி நேரம் முந்தித் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் அடுக்கிப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு அப்பா காலிப் பட்டினத்துக்குப் போகும் பெருவீதியால் பறப்பார். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த பெட்டி. அவர் பிந்தினால் வெள்ளவத்தையில் கதாநாயகி பாதிப் பாட்டில் நின்றுவிடுவாள். அதுவரை அப்படி ஒருநாளும் நின்றதில்லை.

அவருக்குக் கையெழுத்துப் போட வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். மருந்துப் போத்தலின் லேபிளும் கோயில் நோட்டீசும் என் கைக்குத்தான் வரும். "என்ட மகள் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொள்ளவும் பழகியிருந்தேன்.

உலக யுத்தம் முடிந்த மறுவருடம் பழைய பட்டரி செத்தது. பட்டரி இல்லாவிட்டால் எஞ்சினே இயங்காத வண்டி அது. எங்கள் தெருமுனையில் பட்டரி திருத்தும் முஸ்லிம் ஒருவர் இருந்தார்; எங்களுக்கெல்லாம் அவர் நானா, அண்ணன் மாதிரி. சீமையிலிருந்து புதியது வரும்வரை காத்திருக்க முடியாது என்றால், ஆமி லொறிப் பட்டரியின் தகடுகளை அளவாக வெட்டி, பழைய கறுப்புப் பெட்டிக்குள் இறக்கித் தாரால் மூடித் தருகிறேன் என்றார். ஒன்றை எடுத்துக் காட்டினார். அடுப்படியிலிருந்து எடுத்ததுபோல இருந்தது.

அதற்கு முதல் வாரம் ரேடியோக் கடையொன்றின் கண்ணாடி அலுமாரியில் வேறொன்றைப் பார்த்திருந்தேன். தடித்த கண்ணாடிச் சாடி, தண்ணீர்போலத் தெளிந்த அசிட், இங்கிலீசில் அச்சடித்த லேபிள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட். மூன்றை அடுத்தடுத்துத் தொடுத்தால் ஆறு வோல்ட் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருந்தேன். வண்டிக்கு வேண்டியதும் ஆறு.

நானாவிடம் அதைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அது மேசைக்கு மேல குந்தி இரிக்கிற சாமான், மகள். ஓடுற வண்டிக்கு ஆகாது."

"ரெண்டும் ரெண்டும் ரெண்டும் ஆறுதானே, நானா? வண்டிக்கு ஏத்த மாதிரி கணக்கு மாறுமா?"

"கணக்கு மாறாது. கண்ணாடிதான் உடையும்." பிறகு அப்பாவைப் பார்த்து, "ஒங்கட மகளுக்கு இங்கிலீசு தெரியும். ரோட்டுக்குத் தெரியாதே!" என்றார்.

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "புத்தகத்தில இருக்கு, அப்பா" என்று மட்டும் சொன்னேன். அப்பா என்னையும் நானாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ட மகள் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மூன்று சாடிகளும் பழைய இடத்துக்குள் அடங்கவில்லை. அப்பா ஒரு பலகைப் பெட்டி அடித்து, ஓட்டும்போது இடது கால் வரும் இடத்தோடு ஒட்டினாற்போல வண்டியில் வாரால் கட்டினார். சாடிகளைச் சுற்றிவரத் தேங்காய்த் தும்பு அடைக்கச் சொன்னதும் நான்தான். முதல் உதையிலேயே வண்டி இயங்கியது. நானாவின் கடைக்கு முன்னால் அப்பா வேண்டுமென்றே இரண்டு தரம் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார். ஒன்பது நாள் அப்படி ஓடியது.

பத்தாம் நாள் அம்மாவும் நானும் வெள்ளவத்தைத் தியேட்டரில் பெண்கள் பக்கத்தில் இருந்தோம். அப்பாதான் கேட்டு இடம் வாங்கித் தந்திருந்தார். மூன்றாவது பெட்டி வரவேண்டிய இடத்தில் திரை வெளுத்தது. விளக்கைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் சோடாவும் கடலையும் விற்றன. பிறகு விசில் தொடங்கியது.

"எங்கடா ரீல்காரன்? பொண்டாட்டியோட படம் பார்க்கிறானா?"

"மாட்டு வண்டியில வாறானாக்கும்!"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். யாரோ உட்கார்ந்திருந்த கதிரையை உடைக்கும் சத்தம் கேட்டது. மனேஜர் மேடைக்கு வந்து, இன்னும் ஐந்து நிமிடம் என்றார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு திரும்ப வந்து அதையே சொன்னார். முன்வரிசைக்காரர் எழுந்து காசைத் திருப்பித் தரச் சொல்லிக் கத்தினார்கள்.

அப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டதாம். புறக்கோட்டையில் ட்ராம் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியபோதே சாடிகள் விரிசல்விட்டிருக்க வேண்டும். அசிட் ஒழுகிக் கால் எரிந்தும் நிறுத்தாமல் ஓட்டி வந்து, எஞ்சின் நின்ற இடத்திலிருந்து ஓடியே வந்திருக்கிறார். களிசானின் இடது கால் முழங்காலுக்குக் கீழே சல்லடையாக இருந்தது. அதற்குள்ளே தெரிந்ததை நான் எழுதவில்லை. சனம் கைதட்டியது. அது கேலிக்கு அடித்த கை.

அம்மா குழாயடிக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றினாள். மனேஜர் அங்கேயே வந்து நடந்ததைக் கேட்டார்.

"ரேடியோ பட்டரியை மோட்டார் சைக்கிள்ல பூட்டின ஆளை இண்டைக்குத்தான் பார்க்கிறன். ஆர் உனக்கு இந்தப் புத்தி சொன்னது?"

நான் இரண்டடி தள்ளி நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் ஐயா. படிக்காத ஆள்தானே, எனக்கு என்ன தெரியும்?"

மனேஜர் என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பிள்ளை. அப்பாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் தலையைக் குனிந்தேன். நான் சொன்னேன், அப்பாதான் கேட்கவில்லை என்பதுபோல அது இருந்திருக்கும். அப்படி இருக்கட்டும் என்றுதான் குனிந்தேன்.

கால் ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்கிடையில் நானா ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தக் கறுப்புப் பட்டரியைத் தானே பூட்டிவிட்டுப் போனார். ஏதாவது குத்திச் சொல்வார் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். "காலுக்கு என்ன மருந்து போடுறீங்க?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார்.

வண்டி ஓடியது. ஆனால் அந்த வாரமே தியேட்டரிலிருந்து தட்டச்சில் அடித்த இங்கிலீசுக் கடிதம் வந்தது. அப்பா காலை நீட்டிக் கட்டிலில் இருந்தபடி அதை என்னிடம் நீட்டினார்.

"வாசி, மகள்."

வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்பது முதல் வரியிலேயே இருந்தது. அதன்பின் ஏழெட்டு வரியில் ஒரு பந்தி. படிப்பறிவில்லாத இந்த மனிதர் தம் அறியாமையால் பொருந்தாத பட்டரியை மாட்டி இத்தனை நட்டத்துக்குக் காரணமானார் என்று விரிவாக எழுதியிருந்தது. நான் முதல் வரியைத் தமிழில் சொன்னேன். கடைசியிலிருந்த நன்றியையும் சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், அப்பா."

"நீளமாக் கிடக்குது?"

"இங்கிலீசு அப்பிடித்தான், அப்பா."

அவர் தலையாட்டினார். கடிதத்தை வாங்கி, மடிப்புக் குலையாமல் மடித்தார். கட்டிலுக்கடியிலிருந்த வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து, என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் இருக்கும் உறைக்குள் அதையும் வைத்தார். எங்கள் வீட்டில் இங்கிலீசில் அடித்த கடதாசி வைக்கும் இடம் அதுதான்.

அப்பா இப்போது துறைமுகத்தில் மூட்டை எண்ணும் இடத்தில் நிற்கிறார். நின்றால் அந்தக் கால் வீங்கும். சான்றிதழ் தேவைப்படும்போதெல்லாம் நான் அந்த உறையைத் திறக்கிறேன். கடிதத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, திரும்ப மூடிவைக்கிறேன்.