மூன்று வருஷம் மூடிக்கிடந்த கம்ப்ரஸர்

மச்சான்மேல் மெக்கானிக்குக்குப் பல வருஷமாக ஒரு மனத்தாங்கல். எவன் வண்டி மக்கர் பண்ணினாலும் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். பெண்டாட்டியின் தம்பி மட்டும் அவர் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான்.

கடலில் முக்குளிக்கிற தொழிலை விட்டுவிட்டு அவன் கிடங்கு வேலைக்குப் போனபோது, "மாசம் ஒரு தடவையாவது அந்த மூச்சுக்காத்து அடைக்கிற கம்ப்ரஸரை ஓட்டி வைடா" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "சும்மா கிடக்கிறதுக்கு எதுக்கு மாமா தீனி?" என்று தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டான்.

மூன்று வருஷத்தில் கிடங்கை இழுத்து மூடினார்கள். வேலையில்லாமல் வீட்டில் சிடுசிடுத்துக்கொண்டு கிடந்தான். கடைசியில் ஒரு கப்பல் கம்பெனி கூப்பிட்டது. தண்ணீருக்குள் இறங்கி, கப்பலின் அடியில் விசிறியில் சிக்கிய கயிற்றை அறுக்க வேண்டும். நாளைக் காலையில் வந்து செய்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வேறு ஆள்.

மெக்கானிக் அன்றே மச்சான் வீட்டு ஷெட்டில் கம்ப்ரஸர் முன்னால் உட்கார்ந்தார். பழைய எண்ணெய் கூழாக இறங்கியது. மூச்சுக்காற்று மிஷினுக்கென்றே விற்கிற எண்ணெயை ஊற்றினார். வெடித்த பெல்ட்டை மாற்றினார், புது ஃபில்டர் போட்டார். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை.

"பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி இருக்கு. சுவிட்சைப் போடுங்க மாமா!"

"உன் நெஞ்சுக்குள்ள போற காத்துடா. வாயை மூடு."

வடிகால் வால்வுகளைத் திறந்து வைத்துப் பளுவில்லாமல் ஓடவிட்டார். சத்தம் சீரானதும் ஒவ்வொன்றாக மூடினார். முதுகில் மாட்டுகிற சிலிண்டரில் காற்று நிறைந்ததும் லேசாகத் திறந்து முகர்ந்தார். பீரோவைத் திறந்த வாசம் அடித்தது.

எல்லாவற்றையும் பார்த்தவர், காற்றை இழுக்கிற நீளக் குழாயை மட்டும் பார்க்கவில்லை. இப்போது அதைக் கழற்றித் தட்டினார். பாதி கரைந்த அந்துருண்டைகள் உருண்டு விழுந்தன.

வாசலில் நின்ற மச்சானின் மனைவிக்கு முகம் செத்துவிட்டது. "கரப்பான் ஏறுதேன்னு நான்தான் போட்டு வச்சேன் அண்ணே."

"வாசம்தானே? பீரோச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஊரே சுத்துது" என்றான் மச்சான்.

"சட்டையை மூச்சாவா இழுக்கிறாங்க? கீழே போகப் போக இது நெஞ்சுல இன்னும் அடர்த்தியா இறங்கும். அங்க தலை சுத்தினா எதைப் புடிச்சுக்குவே? குழாய், ஃபில்டர் எல்லாத்தையும் மாத்தணும். காத்தைச் சோதனைக்கு அனுப்பணும். நாளைக்கு முடியாது."

"நாளைக்கு விட்டா வேலை போச்சு மாமா."

மெக்கானிக் தடுப்பதற்குள் மச்சான் சிலிண்டரின் வாய்க்குழாயைக் கவ்வி மூச்சை இழுத்தான். இரண்டு மூச்சுதான். மூன்றாவதில் இருமல் பிடித்து, சுவரில் கையூன்றி நின்றான். கண்ணெல்லாம் தண்ணீர்.

மனைவிமேல் பாயப்போகிறான் என்றே மெக்கானிக் நினைத்தார். பாயவில்லை. "போய் டீ போடு" என்றான். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, செல்போனை நீட்டினான்.

"கம்பெனிக்கு நீங்களே பேசிடுங்க மாமா. எனக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க. அவ பேரு வெளிய வரக் கூடாது."